தறி போன பொறகும் வீடு வேலைக்கு ஆகோணும்

[காட்சி: சோமனூர்ப் பக்கம் ஒரு தெரு. வரிசையாப் பூட்டுன தறிக்கொட்டாய்கள்.]

வணக்கமுங்க. இருபது வருசத்துக்கு முந்தி இந்தத் தெருவுல நின்னு நான் பேசியிருந்தா உங்களுக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்காது. அத்தனை தறிச் சத்தம். இப்ப என்ற கொரல் எனக்கே திரும்பிக் கேக்குது. உள்ள ஓடுன தறிக பழைய இரும்புக்குப் போயிருச்சு, கொட்டாய் மட்டும் நிக்குது. வீட்டோட ஒட்டிக் கட்டுனதுதான், ஆனா ஒரு கட்டில் போட்டுப் படுக்க முடியாது. மேல தகரம், ஜன்னல் பேருக்கு ஒண்ணு, தண்ணிக் கொழாயே இல்ல. தேங்கா மட்டையும் ஒடஞ்ச சைக்கிளும் போட்டு வெச்சிருக்காங்க.

வீட்டுல இருந்தே வேலைன்னு இப்பத்தான் பெருசாப் பேசறாங்க. நம்ம பக்கத்து நெசவுக்காரர் வேற எங்க போயி வேலை பாத்தாரு? தொழிலை வீட்டுக்குள்ள கொண்டு வர நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லீங்க. அந்தத் தொழில் ஒரு நாள் போயிட்டாலும் அந்த எடம் வீட்டுக்கு ஆகற மாதிரி புதுசாக் கட்டும்போதே எப்படிக் கட்டறதுங்கறதுதான் இந்த வீடியோ.

[காட்சி: பவானி. குழித்தறியில ஜமுக்காளம். கேமரா மெதுவாக் குழிக்குள்ள எறங்குது.]

பவானி, சென்னிமலைப் பக்கம் பழைய நெசவு வீட்டுக்குள்ள போங்க. முன்னறையில தரையைத் தோண்டிக் குழி. நெசவுக்காரர் அதுக்குள்ள காலை விட்டு ஒக்காந்து மிதிக்கறாரு. குழியோட ஈரத்துக்கு நூலு சட்டுன்னு அறாது. வெளிச்சம் வாசக்கதவு வழியா வருது. தறியை எடுத்துட்டீங்கன்னா? குழியை மண்ணுப் போட்டு மூடித் தளம் போட்டாச்சுன்னா அது ஒரு நல்ல முன்னறை. ஏன்னா அந்த அறையை மனுசனுக்குக் கட்டுனாங்க, தறி அதுல வந்து ஒக்காந்துச்சு. விசைத்தறிக் கொட்டாயை மிஷினுக்குன்னே கட்டிப்போட்டோம்.

நெதர்லாந்துல ஹாப்ரேக்கன்னு ஒரு கட்டடக் கலைஞர் 1961-லயே இதைத்தான் சொன்னாரு: நெலையா நிக்கறது வேற, குடியிருக்கறவன் மாத்திக்கறது வேற, ரெண்டையும் போட்டுக் கொழப்பாதீங்கன்னு. நம்ம ஊர்க் கணக்குல தூணு, படி, தண்ணிக் கொழாய், கரண்டு லைன், இதெல்லாம் நிக்கறது. குறுக்குச் செவுரு, கதவு, அலமாரி எல்லாம் மாறறது.

[காட்சி: தரையில சாக்பீஸ் வரைபடம்.]

மொதல்ல காத்து. பாலக்காட்டுக் கணவாய் வழியா ஆடி மாசம் மேக்க இருந்து வர்ற காத்து நமக்குத் தெரியாததா. தொழில் அறையை மேக்க வெச்சீங்கன்னா பஞ்சும் தூசும் சத்தமும் அப்படியே அடுப்படிக்கு வந்துரும். அதனால கெழக்க தள்ளுங்க. ஐப்பசி, கார்த்திகையில காத்து திரும்பும்தான், ஆனா ஆடிக் காத்தோட வேகம் அதுக்கு இல்ல. வாஸ்து பாக்கறவங்க இதுக்கு என்ன சொல்வாங்கன்னு தெரியும், அவங்களோட மல்லுக்கட்ட நான் வரல.

மேக்க என்ன வெக்கறது? படி. வெளிப்பக்கமாப் படி, அதுக்குச் சல்லடை மாதிரி ஓட்டை விட்ட செங்கல் செவுரு. சாயங்கால வெயிலை அது வாங்கிக்கும், காத்தை உள்ள விடும். நாளைக்கு மேல் மாடியை வாடகைக்கு விட்டாலும் அவங்க உங்க வீட்டுக்குள்ள நொழைஞ்சு போக வேண்டியதில்ல. ஒரு படி இத்தனை வேலை பாக்குது பாருங்க.

[காட்சி: தூண் நிக்கற கட்டடம், இன்னும் செவுரு வெக்கல.]

அப்பறம் தூணு. செவுரு கூரையைத் தாங்கற வீட்டுல, நெனைச்ச எடத்துல செவுத்தை எடுக்க முடியாது. தொழில் அறையைத் தூண், பீம் வெச்சுக் கட்டுனா நடுவுல இருக்கற செவுத்தை எப்ப வேணாலும் எடுக்கலாம், வெக்கலாம். கதவு ஒண்ணாவது ஆறடி அகலம் வெச்சுருங்க. தறியை உள்ள நிறுத்திட்டு அதுக்கப்பறம் செவுரு எழுப்புனவங்களை நான் பாத்திருக்கனுங்க, வெளிய எடுக்கும்போது செவுத்தை ஒடைச்சாங்க.

தறி போடறதா இருந்தா அதோட அஸ்திவாரம் வீட்டு அஸ்திவாரத்தைத் தொடக் கூடாது. தொட்டா அதிர்வு செவுரு வழியா ஏறித் தூங்கற கொழந்தை வரைக்கும் போகும். திருப்பூர் ஜாப் ஒர்க்குக்குப் பவர் டேபிள், ஓவர்லாக்னு தையல் மிஷின் போடறவங்களுக்கு அத்தனை சிரமம் இல்ல, ரப்பர் ஷீட் போதும். ஆனா பீஸ் கட்டு அடுக்கற எடத்துல தீப் புடிச்சா வெளிய ஓடறதுக்கு ரெண்டாவது கதவு வேணும். இதை மட்டும் விட்றாதீங்க.

கரண்டு லைன் ஆரம்பத்துலயே தனி, மீட்டரும் தனி. 2023-ல விசைத்தறிக்கு இலவச மின்சாரத்தை ரெண்டு மாசத்துக்கு 750 யூனிட்ல இருந்து 1000 ஆக்குனாங்க, கைத்தறிக்கு 200-ல இருந்து 300. வீட்டுக் கணக்கே வேற. ரெண்டையும் ஒரே லைன்ல கோத்துட்டா அப்பறம் ஆபீஸுக்கு நடக்கற நடை உங்களுது.

[காட்சி: தளம் போடற வேலை. கம்பிக்கு நடுவுல சீமை ஓடு.]

மேல தகரம் வேண்டாமுங்க. தாத்தா காலத்து வீட்டைப் பிரிச்ச சீமை ஓடு பொடக்காளியில கெடக்கும். அதைத் தளத்துக்குள்ளயே போடலாம். கான்கிரீட் தளம் வளையும்போது கீழ்ப்பக்கம் இழுபடும், அந்த இழுவையைத் தாங்கறது கம்பி. அங்க இருக்கற கான்கிரீட்டுல பாதி சும்மா பாரம். அந்த எடத்துல ரெண்டு சீமை ஓடு கவுத்து வெச்சா சிமெண்டு மிச்சம், உள்ள நிக்கற காத்துக்குச் சூடும் கொறையும். பாத்ரூமுக்கு மேல மட்டும் வேண்டாம். செவுத்துக்கு எலிப்பொறிக் கட்டு: செங்கல்லைக் குத்துக்கல்லா நிறுத்தி நடுவுல பொந்து விடறது. லாரி பேக்கர்ங்கற கட்டடக் கலைஞர் கேரளாவுல பரப்புனது, செங்கல் கால்வாசி மிச்சமாகும். தெரிஞ்ச கொத்தனார் வேணும், இல்லாட்டி வேலை கோணலாப் போயிரும்.

மழை கம்மின்னு நெனைக்காதீங்க. வருசம் 600 மில்லி மீட்டர்னு வெச்சுக்கிட்டாலும் 1000 சதுர அடிக் கூரையில 55,000 லிட்டர் விழுகுது. போர்ல உப்புத் தண்ணி வர்ற ஊர்ல அது எத்தனை கொடம்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க.

[காட்சி: தொழில் அறை மூலை. தரையில மூடி போட்ட பைப்பு.]

கடைசியா இந்த மூலை. இப்ப இங்க ஒண்ணும் இல்ல. ஆனா தரைக்கு அடியில ஒரு தண்ணி லைன், வாட்டம் பாத்து ஒரு கழிவு லைன், ரெண்டுக்கும் மூடி. தளம் போடறதுக்கு முந்தி பண்ணுனா சில ஆயிரத்துல முடியும். பத்து வருசம் கழிச்சு அம்மாவுக்குப் படி ஏற முடியலைன்னு வெச்சுக்கங்க, இதே அறையில குறுக்க ஒரு செவுரு, இந்த மூலையில ஒரு பாத்ரூம், அவ்வளவுதான். கடைக்கால் தோண்டறதுக்கு முந்தியே இஞ்சினியர்கிட்ட இதைச் சொல்லி வரைபடத்துல போடச் சொல்லுங்க. தளம் போட்ட பொறகு சொன்னா ஒடைச்சுத்தான் ஆகோணும்.