பறக்கும்போதே தொடங்கும் தேடல்

நேயர்களுக்கு வணக்கம்.

தெரிந்தவர் ஒருவர் கடலில் நீந்திப் போவதைக் கரையில் நின்று பார்த்திருப்பீர்கள். முதலில் தோளும் கையும் தெரியும். கொஞ்ச தூரம் போனதும் தலை மட்டும். ஒரு அலை எழுந்தால் அதுவும் மறைந்துவிடும். இங்கேதானே இருந்தார் என்று கண்ணைச் சுருக்கித் தேடுவோம். இத்தனைக்கும் அவர் எந்தப் பக்கம் போனார் என்று நமக்குத் தெரியும். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டும் இருந்தோம். அந்தத் தலையையே 1,000 அடி உயரத்தில் பறக்கும் விமானத்தின் ஜன்னல் வழியாகத் தேட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஜன்னலோரம் பல வருடங்கள் உட்கார்ந்தவன் நான்.

எஞ்சின் நின்ற சிறு விமானம் கடலில் இறங்கினால் அதோடு எல்லாம் முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சிறு விமானம் மெதுவாகத்தான் வரும். பைலட் நிதானமாக இறக்கினால், மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் குறைவான வேகத்தில் தண்ணீரைத் தொட முடியும். உள்ளே இருப்பவர்கள் பெரிய காயமில்லாமல் வெளியே வந்துவிடுவதும் உண்டு. வந்த பிறகு? அவர்களை யாராவது கண்டுபிடிக்க வேண்டுமே. நான் இன்று சொல்ல வந்தது ஒன்றுதான்: அந்தத் தேடலை, விமானம் இன்னும் காற்றில் இருக்கும்போதே தொடங்கிவிட வேண்டும்.

இதற்கு எனக்குப் பிடித்த கதை ஒன்று இருக்கிறது. 1919 மே மாதம். அட்லாண்டிக் கடலை நிற்காமல் தாண்டும் முதல் விமானத்துக்கு லண்டனின் டெய்லி மெயில் பத்திரிகை 10,000 பவுண்டு பரிசு அறிவித்திருந்தது. 18ஆம் தேதி ஹாரி ஹாக்கர் என்ற பைலட்டும், வழி கணிக்கும் மெக்கன்சி கிரீவ் என்ற கடற்படை அதிகாரியும் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து கிளம்பினார்கள். ஒற்றை எஞ்சின் சோப்வித் விமானம். கிளம்பியதும் சக்கரங்களைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டார்கள். எடை குறையும், காற்றுத் தடையும் குறையும். தண்ணீரில் இறங்க நேர்ந்தால் சக்கரம் மாட்டி விமானம் குப்புறக் கவிழாது என்ற நன்மையும் அதில் இருந்தது.

பாதி இரவில் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் சூடேறத் தொடங்கியது. குழாயில் அடைப்பு. எஞ்சினை நிறுத்திச் சரிந்து இறங்கி அடைப்பை விலக்கப் பார்த்தார்கள்; சரியாகவில்லை. கரை சேர முடியாது என்று தெரிந்ததும் ஹாக்கர் செய்த காரியத்தைத்தான் நான் போகிற இடமெல்லாம் சொல்கிறேன். எஞ்சின் முழுதாக நிற்கும்வரை அவர் காத்திருக்கவில்லை. போக நினைத்த பாதையை விட்டுவிட்டு, கப்பல்கள் போய்வரும் பாதையை நோக்கித் திருப்பினார். அங்கே மேகத்துக்கும் அலைக்கும் நடுவே வளைந்து வளைந்து பறந்து ஒரு கப்பலைத் தேடினார். கவனியுங்கள், தேடியது அவர்! மேரி என்ற சின்ன டேனிஷ் கப்பல் கண்ணில் பட்டது. வெளிச்ச வேட்டுகளைச் சுட்டுக் கப்பலில் இருந்தவர்களைப் பார்க்க வைத்து, கப்பலுக்கு முன்னால் போய்த் தண்ணீரில் இறக்கினார். கொந்தளிக்கும் கடலில் படகை இறக்கி அவர்களை ஏற்றுவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. ஆனாலும் இருவரும் பிழைத்தார்கள்.

ஆனால் மேரியில் வயர்லெஸ் கிடையாது. ஒரு வாரம் உலகத்துக்குச் சேதியே இல்லை. மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் ஹாக்கரின் மனைவிக்கு இரங்கல் தந்தி அனுப்பிவிட்டார். அந்த அம்மா மட்டும் கணவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று கடைசிவரை நம்பினார். 25ஆம் தேதி, மேரி ஸ்காட்லாந்தின் வடமேற்கே லூயிஸ் தீவின் முனையைக் கடந்தபோது, கொடிகளை ஏற்றிக் கரைக்குச் சேதி சொன்னது. ஹாக்கரா என்று கரையிலிருந்து கேட்டார்கள். ஆமாம் என்று பதில் வந்தது. இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

இனி 2015 ஜனவரி. கலிஃபோர்னியாவிலிருந்து ஹவாய்க்கு ஒரு சிறு சிர்ரஸ் விமானத்தை ஒருவர் தனியாக ஓட்டிப் போகிறார். கூடுதல் தொட்டியில் இருந்த பெட்ரோல் எஞ்சினுக்கு வரவில்லை. கரை எட்டாது என்று தெரிந்தவுடனேயே, சில மணி நேரம் முன்னதாகவே, ரேடியோவில் சொல்லிவிட்டார். அமெரிக்கக் கடலோரக் காவல் படை விமானம் வந்து கூடவே பறந்தது. பக்கத்தில் வந்த ஒரு பயணிகள் கப்பலை நோக்கி அவரை அனுப்பினார்கள். அந்த விமானத்துக்கென்றே ஒரு பாராசூட் உண்டு. அதை விரித்து இறங்கினார், ரப்பர் மிதவையில் ஏறினார், ஒரு மணி நேரத்துக்குள் கப்பலில் இருந்தார். நடுவே 96 வருடங்கள் ஓடியிருக்கின்றன. செய்த காரியம் ஹாக்கர் செய்ததேதான்.

இந்த அவசரம் எதற்கு என்றால், தண்ணீர் சும்மா இருப்பதில்லை. நீரோட்டம் ஆளை ஒரு பக்கம் இழுக்கும். காற்று மிதவையை இன்னொரு பக்கம் தள்ளும். நேரம் போகப் போக, ஆள் இருக்கக்கூடிய வட்டம் பெரிதாகும். கோலம் போடுகிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும்: வட்டத்தின் குறுக்களவை இரண்டு மடங்காக்கினால், நிரப்ப வேண்டிய இடம் நான்கு மடங்கு. மூன்று மடங்காக்கினால் ஒன்பது மடங்கு. முதல் ஒரு மணி நேரத்தில் ஒரே விமானம் பார்த்துவிடக்கூடிய இடம், சாயங்காலத்துக்குள் ஐந்தாறு விமானங்களுக்கும் அடங்காமல் போய்விடும்.

அதனால் விமானம் ஓட்டுகிறவர்களே, எஞ்சின் தடுமாறும்போதே, உயரம் இருக்கும்போதே, ரேடியோவில் பேசுங்கள். விமான ரேடியோ நேர்கோட்டில் போவது; இறங்க இறங்க அது எட்டும் தூரம் சுருங்கிவிடும். 6,000 அடியில் எஞ்சின் நின்றால் ஏழெட்டு நிமிடம் கிடைக்கும். மேடே என்ற ஆபத்து அழைப்பை மூன்று முறை சொல்லி, இடத்தையும் ஆள் எண்ணிக்கையையும் சொல்ல அரை நிமிடம் போதும். ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த அலைவரிசையிலேயே சொல்லலாம். அங்கே பதில் இல்லையென்றால் 121.5 மெகாஹெர்ட்ஸ் என்ற அவசர அலைவரிசையில்.

அடுத்தது, வெளியே வருவது. பயிற்சிக்காக ஒரு நீச்சல் குளத்தில், விமான அறை போன்ற ஒரு கூண்டில் எங்களைக் கட்டிவைத்துத் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். மூக்கில் தண்ணீர் ஏறுகிறது, மேல் எது கீழ் எது என்று தெரியவில்லை. முதல் தடவை நான் பெல்ட்டை உடனே அவிழ்த்துவிட்டேன். அவ்வளவுதான், உடம்பு மிதந்து எங்கேயோ போனது, கதவு கைக்கு அகப்படவே இல்லை. பயிற்சியாளர்தான் வெளியே இழுத்தார். அன்று கற்றதை மறக்கவே மாட்டேன்: ஒரு கை கதவின் பிடியில், ஒரு கை பெல்ட்டில். கதவைத் திறந்து, வெளியே ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்ட பிறகே பெல்ட். தண்ணீரைத் தொடும் முன்பே கதவைக் கொஞ்சம் திறந்து, மறுபடி மூடிக்கொள்ளாதபடி எதையாவது செருகி வைக்க வேண்டும். லைஃப் ஜாக்கெட்டை உள்ளேயே ஊதவே கூடாது. 1996இல் கொமோரோஸ் தீவுகள் அருகே எத்தியோப்பிய விமானம் கடலில் விழுந்தபோது, உள்ளேயே ஊதிவிட்ட பலர் கூரையோடு ஒட்டி மிதந்து, வாசலுக்கு வர முடியாமல் இறந்தார்கள். அது பெரிய விமானம்தான். ஆனால் தண்ணீர் செய்யும் வேலை எங்கேயும் ஒன்றுதான்.

சரி, அப்புறம் உடம்பில் என்ன இருக்கிறது என்பது. பின் சீட்டில் வைத்த பை விமானத்தோடு மூழ்கிவிடும். சட்டைப் பையிலும் ஜாக்கெட்டிலும் இருப்பது மட்டுமே கூட வரும். அதனால் விசில், சின்னக் கண்ணாடி, விளக்கு எல்லாம் உடம்போடு இருக்கட்டும். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த எனக்கு ஒவ்வொரு வெள்ளை அலையும் மிதவை மாதிரியே தெரியும்; கொஞ்ச நேரத்தில் கண் சோர்ந்துவிடும். ஆனால் கண்ணாடியில் வெயில் பட்டு மின்னினால், அதை அலை என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

குளிரைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். குளிர்ந்த தண்ணீரில் முதல் நிமிடம் மூச்சு வாங்கும், பயப்படாமல் மூச்சைச் சீராக்கிக்கொள்ளுங்கள். கை விரல்கள் சில நிமிடங்களில் மரத்துவிடும், அதனால் விரலால் செய்ய வேண்டியதை முதலில் செய்யுங்கள். பிறகு முழங்காலை மார்போடு அணைத்து, ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டு இருங்கள்.

கடைசியாக பீக்கன், அதாவது ஆபத்தில் சிக்னல் அனுப்பி இடத்தைக் காட்டிக்கொடுக்கும் கருவி. விமானத்தில் பொருத்திய பீக்கன் மூழ்கினால் அதன் சிக்னல் மேலே வராது. அதனால் ஆள் கட்டிக்கொள்ளும் பீக்கன் ஒன்று வேண்டும், 406 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்வது. பழைய 121.5 பீக்கன்களைச் செயற்கைக்கோள்கள் 2009 பிப்ரவரி 1 முதல் கேட்பதில்லை. அதை மட்டும் வைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். வாங்கியதும் பதிவு செய்யுங்கள். சிக்னல் வந்ததும் மீட்பு மையத்தில் இருப்பவர், பதிவில் உள்ள எண்ணுக்குத்தான் முதலில் கூப்பிடுவார். அந்த எண் மாறியிருந்தால் இன்று ராத்திரியே புதியதை எழுதி அனுப்பிவிடுங்கள். நன்றி, வணக்கம்.