எலி விழுந்த எண்ணெயும் ஒரு பாக்கி நோட்டும்

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணிகளுக்கும், தூறல் விழுந்த பிறகும் நாற்காலியை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம். சம்பிரதாயம் முடிந்தது. எலி ஒன்று காத்திருக்கிறது.

எந்த எலி? சொல்கிறேன்.

எழுத்தாளனின் எழுத்துக்கு அடியுரம் வீட்டுத் தொழிலா, படித்த புத்தகங்களா என்பது தலைப்பு. வீட்டுத் தொழில்தான் என்று பேச என்னை இந்தப் பக்கம் உட்கார வைத்திருக்கிறார்கள். போன மாதம் வேறொரு ஊரில் இதே தலைப்பில் எதிர்ப்பக்கம் பேசினேன். நடுவருக்குத் தெரியும். காட்டிக்கொடுக்க மாட்டார், பெரிய மனசு.

ரஷ்யாவில், அசோவ் கடலோரம், தாகன்ரோக் என்று ஓர் ஊர். அங்கே பாவெல் செக்காவ் என்பவர் மளிகைக்கடை வைத்திருந்தார். டீத்தூள், சர்க்கரை, சோப்பு, மெழுகுவத்தி, உப்பிட்ட மீன், ஒரு ஓரமாக வோட்கா. பொழுது விடிந்தால் கடை, கடை விட்டால் தேவாலயப் பாடகர் குழு. பயங்கர பக்தி. அந்தக் கடையில் ஒருநாள் எண்ணெய்த் தொட்டியில் எலி விழுந்து செத்துப் போனது.

இந்த இடத்தில் நம்ம ஊர் முதலாளி என்ன செய்வார்? முன்வரிசை அண்ணன் சிரிக்கிறார். அண்ணன் எண்ணெய்க்கடை போல. எலியை வாலைப் பிடித்துத் தூக்கிப் போட்டுவிட்டு, "சொக்கத் தங்கம் அக்கா, நேத்துதான் செக்குல இருந்து வந்துச்சு" என்று அளந்து ஊற்றியிருப்பார். நேர்மையானவர் என்றால் எண்ணெயைக் கொட்டியிருப்பார். உலகத்தில் இந்த இரண்டு வழிதான் உண்டு. பாவெல் மூன்றாவது வழி கண்டுபிடித்தார். கொட்ட மனசு வரவில்லை, காசு. மறைக்கவும் மனசு வரவில்லை, பாவம். என்ன செய்தார்? பாதிரியாரைக் கூப்பிட்டு, எண்ணெய்க்கு ஜெபம் செய்து தீட்டுக் கழித்தார்!

ரகசியமாகவா? நாலு பேரை வரவழைத்து வைத்துக்கொண்டு. விருந்தோடு. எலி விழுந்தது எலிக்கும் கடைக்காரருக்கும் மட்டுமே தெரிந்த விஷயம், எலியும் செத்துவிட்டது. அதை ஊருக்கு விழா எடுத்து அறிவித்தவர் இவர்தான். எண்ணெய் சுத்தமாகிவிட்டது. கடைக்கு வந்த கூட்டமும் சுத்தமாகிவிட்டது. "முறைப்படி எல்லாம் செய்தாயிற்றே, ஏன் யாரும் வரவில்லை?" என்று மனிதருக்குக் கடைசிவரை புரியவில்லை.

இதை எழுதி வைத்தவர் மூத்த மகன் அலெக்சாந்தர். பக்கத்தில் நின்று பார்த்த பையன்களில் ஒருவன் பெயர் அந்தோன். பின்னாளில் சிறுகதைக்கும் நாடகத்துக்கும் உலகமே கொண்டாடிய ரஷ்ய எழுத்தாளர் அந்தோன் செக்காவ். குளிரில் விறைத்துக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்து லத்தீன் பாடம் எழுதிய பையன். "குழந்தைப் பருவத்தில் எனக்குக் குழந்தைப் பருவம் இல்லை" என்று பிற்பாடு சொன்னவர்.

கஞ்சத்தனமும் பக்தியும் நேர்மையும் அசட்டுத்தனமும் ஒரே ஆளிடம். பார்த்தால் சிரிப்பு வருகிறது, கொஞ்சம் பொறுத்தால் பாவமாக இருக்கிறது. செக்காவ் கதைகளில் வருகிற ஆட்கள் எல்லாம் இப்படித்தானே ஐயா? எந்தப் புத்தகத்தைப் படித்து இதைக் கற்றுக்கொள்வது? எலி அல்லவா சொல்லிக் கொடுத்திருக்கிறது!

இப்போது எதிரணித் தம்பிக்கு வருகிறேன். கைதட்டல் வாங்கினாரே, அந்தத் தம்பி. என்ன கேட்டார்? "எங்கள் தெரு அண்ணாச்சிக்கும் மளிகைக்கடைதான். அவர் மகன் செக்காவ் ஆகவில்லையே, பாக்கி நோட்டு மட்டும்தானே எழுதுகிறான்?"

தம்பி, முதலில் ஒரு கணக்கு. அந்த எலி விழுந்த கடையில் வளர்ந்த மூத்தவர் அலெக்சாந்தரும் எழுத்தாளர். அடுத்தவர் நிகலாய், ஓவியர். மூன்றாவது அந்தோன். ஒரே கடையில் மூன்று பேர். எதிரணி நூலகத்தில் எத்தனை பேர் தேறினார்கள் என்று எண்ணிச் சொல்லட்டும்.

இரண்டாவது, நம்ம ஊர்ச் சேதி. திருச்செங்கோட்டில் சினிமா தியேட்டரில் அப்பா சோடாக்கடை வைத்திருந்தார், மகன் பெருமாள்முருகன். பின்னால் 'நிழல் முற்றம்' என்று நாவல் எழுதினார். தியேட்டரில் சோடா விற்கும் பையன்களின் வாழ்க்கை. கோலி சோடாவை உடைத்தவனுக்குத்தான் அந்தச் சத்தத்தை எழுத வரும்.

செக்காவ் டாக்டர் ஆயிற்றே, மருத்துவப் புத்தகம் படித்தாரே என்று இன்னொரு கேள்வி வந்தது. நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்ல நேரமில்லை.

பாக்கி நோட்டுக்கு வருவோம். அதைக் கேலி செய்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பாவெலைக் கவிழ்த்ததும் கடன்தான். 1876இல் கடை திவாலாகி, சிறைக்குப் பயந்து மாஸ்கோவுக்கு ஓடிவிட்டார். குடும்பமும் பின்னாலேயே போனது. பதினாறு வயது அந்தோன் மட்டும் தாகன்ரோக்கில் மூன்று வருடம் இருந்து, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, மிச்சமிருந்த தட்டுமுட்டுச் சாமானை விற்றுக் காசு அனுப்பினான். அவர்கள் வீடு என்ன ஆனது தெரியுமா? அதே வீட்டில் குடியிருந்தவர், உதவி செய்வதாகச் சொன்னவர், தனக்கே வாங்கிக்கொண்டார்.

அப்புறம் 1904இல் செக்காவ் எழுதிய 'செர்ரித் தோட்டம்' நாடகம் மேடைக்கு வருகிறது. கடனில் ஏலம் போகும் பண்ணை. அதை வாங்குகிற லோபாஹின் யார்? அந்தப் பண்ணையிலேயே அடிமையாகக் கிடந்தவர்களின் பேரன். அப்பா கிராமத்தில் கடை வைத்திருந்தவர், மகனை முகத்தில் குத்தியவர். செக்காவின் தாத்தாவும் பண்ணையடிமைதான், 1841இல் காசு கொடுத்து விடுதலை வாங்கியவர். எழுதியவர் யாரைத் திட்டினார்? யாரையும் திட்டவில்லை. வீட்டை இழந்தவர்களுக்கும் வாங்கியவனுக்கும் சேர்த்தே வருத்தப்பட்டார். இதெல்லாம் பாக்கி நோட்டில் எழுதியிராமல் வேறு எங்கே எழுதியிருக்கும் தம்பி?

நடுவர் மணியைத் தொட்டுப் பார்க்கிறார். தெரிகிறது ஐயா.

தலைப்பை விட்டுவிடுகிறேன். என் அப்பாவுக்கும் மளிகைக்கடைதான். பத்துக்குப் பன்னிரண்டு இடம், முன்னால் தகரப் பந்தல். நானும் கதை எழுதுகிறேன், செக்காவ் பெயரைச் சொன்ன வாயால் அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அப்பா இறந்து பதினாறாம் நாள் முடிந்ததும் அம்மா பாக்கி நோட்டைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். "எவ்வளவு வரணும்னு பாருடா." பார்த்தேன். ஒரு பெயர்கூட இல்லை. "மூக்குத்தி அக்கா, துவரம்பருப்பு அரைக்கிலோ." "சைக்கிள் மணி." "சிரிப்பு வாத்தியார்." "ரெண்டாவது பொண்ணுக்கு வரன் பாக்கிறவர்." அப்பாவுக்கு யார் யார் என்று தெரியும். எனக்கு எப்படித் தெரியும்? ஒரு ரூபாய் வசூலாகவில்லை.

அம்மா கேட்டாள், "என்னடா, தேறுமா?" தேறாதும்மா என்றேன். அன்றைக்கு ராத்திரி முழுக்க அந்த நோட்டைப் படித்தேன்.

நடுப்பக்கம் ஒன்றில், "செருப்பு இல்லாத பையன், தேன் மிட்டாய் 2" என்று இருந்தது. பக்கத்தில் தொகை போடவில்லை. அடுத்த வாரம் மறுபடி, "செருப்பு இல்லாத பையன், தேன் மிட்டாய் 2." இப்படிப் பதினொரு தடவை. கடைசியில், "பையன், தேன் மிட்டாய் 2, செருப்பு போட்டிருக்கான்." அதற்குமேல் அவனைப் பற்றி ஒன்றும் இல்லை. வசூலுக்காக எழுதிய நோட்டா அது? எனக்குத் தெரியவில்லை ஐயா.

என் முதல் கதை அந்தப் பையனைப் பற்றியதுதான். நான் அவனைப் பார்த்ததே இல்லை. இது எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர். அந்தப் பையன் இப்போது நாற்பது வயது ஆளாக இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால், பேச்சு முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வாருங்கள். பாக்கி ஒன்றும் இல்லை. அப்பா எப்படிச் சிரிப்பார் என்று கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருக்கலாம்.

வணக்கம்.