சிறைக்குள்ளிருந்து எழுதிய சந்தோஷம்

(வேலூருக்குப் பக்கத்துக் கிராமச் சபை ஒன்றில், அறுப்பின் பண்டிகை மாலைக் கூட்டத்தில் பேசியது)

ஆயர் அவர்களே, சபையின் பெரியோர்களே, தாய்மார்களே, முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளே, எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

காணிக்கையாக வந்த விளைச்சலை ஏலம் விட்டு முடித்த கையோடு என்னைப் பேசச் சொல்லிவிட்டீர்கள். இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காய் ஒரு கூடை என்ன விலைக்குப் போனது என்று பார்த்தீர்கள். சந்தையில் அந்தக் காசுக்கு ஒரு மூட்டையே வாங்கலாம். எடுத்தவருக்கும் அது தெரியும், சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், அறுப்பின் பண்டிகைக்குக் கொஞ்சமும் ஒவ்வாத ஒரு வேதபகுதியை எடுக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஏற்பாட்டில் ஆபகூக் தீர்க்கதரிசியின் புத்தகம், 3-ஆம் அதிகாரம், 17-ஆம் வசனம். அத்திமரம் துளிர்க்கவில்லை. திராட்சையில் பழமில்லை. வயல் விளையவில்லை. கிடையில் ஆடில்லை, தொழுவத்தில் மாடில்லை. கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்கும்போது ஒரு விவசாயி சொல்லும் கணக்கு மாதிரி இருக்கிறது. அடுத்த வசனத்தில் அதே ஆள், ‘நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்’ என்கிறார்.

இதை நம் ஊருக்குக் கொண்டுவந்து வாசித்துப் பாருங்கள். பாலாற்றில் தண்ணீர் இல்லாமற்போனாலும், தோல் தொழிற்சாலைக் கழிவு இறங்கிக் கிணறு கெட்டுப்போனாலும், வேர்க்கடலை காய்க்காமற்போனாலும், பீடி சுற்றின கூலி வட்டிக்கே சரியாகப்போனாலும். அப்புறம் 2021 நவம்பரை நினைத்துக்கொள்ளுங்கள். வருஷக்கணக்கில் மணலாகக் கிடந்த ஆறு இரு கரையும் முட்டி வந்தது. வேண்டும் வேண்டும் என்று கேட்ட தண்ணீரே வீட்டுக்குள் புகுந்தது. அப்படிப்பட்ட ஊரில் நின்றுகொண்டு ‘களிகூருவேன்’ என்று சொல்ல ஒருவருக்கு எங்கிருந்து துணிச்சல் வரும்?

ஆபகூக் புத்தகத்தை முதலிலிருந்து வாசித்தால் ஒரு விஷயம் தெரியும். அது துதியில் தொடங்கவில்லை, புகாரில் தொடங்குகிறது. எத்தனை நாள் கூப்பிடுவது, ஏன் காதில் விழவில்லை என்று கர்த்தரையே கேட்கிறார் அந்தத் தீர்க்கதரிசி. கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காவல் கோபுரத்தில் ஏறி நிற்கிறார். இத்தனையும் நடந்த பிறகுதான் மகிழ்ச்சி வருகிறது. நாமோ முதல் இரண்டு அதிகாரத்தையும் விட்டுவிட்டு, கடைசி வசனத்தை மட்டும் காலண்டரில் அச்சடித்துச் சுவரில் மாட்டிவிட்டோம்.

இயேசுவின் செய்தியை ஊர் ஊராகச் சொன்ன பவுல் கதையும் அப்படித்தான். பிலிப்பி பட்டணத்தில் அவரையும் சீலாவையும் அடித்து, உட்காவலறையில் தள்ளி, கால்களைத் தொழுமரத்தில், அதாவது கால்பூட்டும் மரக்கட்டையில், மாட்டி வைத்தார்கள். நடுராத்திரியில் பாடினார்கள். பிற்பாடு அதே பிலிப்பி சபைக்குக் கடிதம் எழுதும்போதும் பவுல் கட்டுண்டவராகத்தான் இருந்தார். ‘கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்’ என்பது அந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது. நான் சொல்ல வந்ததே இதுதான். வேலூர்த் தொரப்பாடி ஜெயிலுக்குள் இருக்கிறவர் வெளியே இருக்கிற நமக்குச் ‘சந்தோஷமாயிருங்கள்’ என்று எழுதினால் அதற்கு ஒரு எடை உண்டு. வெளியே வெயில் படாமல் இருக்கிற நாம் உள்ளே இருப்பவருக்கு அதையே எழுதினால்? நாம் பெரும்பாலும் செய்வது அந்த இரண்டாவது வேலை.

ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், நான்கு ஆப்பிள். படுக்கையில் கிடப்பவரிடம், ‘விசுவாசம் இருந்தால் கவலையே வராதும்மா’ என்கிறோம். அந்த அம்மாவுக்கு ஏற்கனவே வியாதி. இப்போது விசுவாசம் போதவில்லையோ என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர்களைப் பாருங்கள். ஏழு நாள் ராப்பகல் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த உருப்படியான ஊழியம் அந்த ஏழு நாள்தான். வாயைத் திறந்தார்கள், எல்லாம் கெட்டது.

சரி, கஷ்டத்துக்குள் இருப்பவருக்குச் சந்தோஷம் வருமா, வராதா? வரும். வந்ததற்கு வேலூரிலேயே சாட்சி உண்டு. சிஎம்சி, நம் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, என்றதும் 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய ஐடா ஸ்கடரைச் சொல்வோம். சொல்ல வேண்டியதுதான். நான் இன்று டாக்டர் மேரி வர்கீஸைச் சொல்கிறேன்.

கொச்சியிலிருந்து வந்து இங்கே படித்தவர், இளம் டாக்டர். 1954-இல் சக டாக்டர்களோடு போன வண்டி விபத்தில் சிக்கியது. முதுகுத்தண்டு அடிபட்டது, கால்கள் இரண்டும் செயலிழந்தன. அறுவை சிகிச்சை மேசைக்கு முன்னால் மணிக்கணக்கில் நிற்க வேண்டிய தொழிலில் நிற்கவே முடியாது என்றால் என்ன செய்வது? தொழுநோயால் மடங்கிப்போன கைகளைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சையில் அப்போது டாக்டர் பால் பிராண்ட் இங்கே புது வழி காட்டிக்கொண்டிருந்தார். கை அறுவையை உட்கார்ந்தபடியும் செய்யலாம். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியிலிருந்தே அதைச் செய்யப் பழகினார். பிறகு ஆஸ்திரேலியாவுக்கும் நியூயார்க்குக்கும் போய் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் வந்தது. முதுகுத்தண்டு அடிபட்டு, ‘இனி என்ன இருக்கிறது’ என்று வந்து படுக்கிறவர், தன்னைப் போலவே நாற்காலியில் வருகிற டாக்டரைப் பார்க்கிறார். அந்த டாக்டருக்கு அங்கே பிரசங்கமே தேவைப்பட்டிருக்காது.

அவருக்குக் கால் திரும்பவில்லை. 1986-இல் இறக்கும்வரை திரும்பவில்லை. ஆனால் செய்ய ஒரு வேலை வந்தது, தான் தேவைப்படுகிற ஓர் இடம் வந்தது. விசுவாசம் தருகிற சந்தோஷம் பாதிக்குமேல் இப்படித்தான் வருகிறது என்று நினைக்கிறேன். ஜெபத்தில் கேட்டது ஒன்று, கைக்கு வந்தது வேறொன்று. அதற்காக, ‘உங்கள் விபத்தும் நன்மைக்கே’ என்று அடுத்த வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள். அதைச் சொல்ல உரிமை நாற்காலியில் இருப்பவருக்கு மட்டும்தான்.

நம் சாட்சி நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடன் அடைந்தது, குழந்தை பிறந்தது, விசா கிடைத்தது என்று எழுந்து சொல்கிறோம், கை தட்டுகிறோம். அடையாத கடனோடு இருப்பவர் கடைசி வரிசையில் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் எழுந்து, ‘இன்னும் ஒன்றும் ஆகவில்லை, ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுகிறேன்’ என்று சொன்னால் அதுவும் சாட்சிதானே? ஆபகூக் சொன்னது அதைத்தான். வருஷத்தில் ஒரு கூட்டத்தை, முடிவு தெரியாத சாட்சிகளுக்கு மட்டும் ஒதுக்கலாமே என்று ஆயரிடம் கேட்டேன். ‘யோசிக்கலாம், ஆனால் முதலில் யார் எழுந்திருப்பார்?’ என்றார். அவர் கேட்டதை அப்படியே உங்களிடம் விட்டுவிட்டு உட்காருகிறேன்.