அன்லிமிடெட் சிம்: அது யார் பேரில் இருக்கிறது?

"மாசம் ஒரு தொகை கட்டுங்க. சிம் போட்ட ரவுட்டரை நாங்களே கொண்டுவந்து வச்சுடறோம். எவ்வளவு வேணும்னாலும் ஓட்டிக்குங்க, டேட்டாவுக்கு அளவே கிடையாது."

வணக்கமுங்க. இப்படி ஒருவர் வந்து சொன்னால், பணம் கட்டுவதற்கு முன்னால் அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த சிம் யார் பேரில் இருக்கிறது? வேகம் எவ்வளவு, ரவுட்டர் எந்தக் கம்பெனி என்பதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இந்தக் கேள்விக்கு ஏன் அவ்வளவு முக்கியத்துவம் என்று சொல்லத்தான் இந்த வீடியோ.

[திரையில்: காங்கேயம் – தாராபுரம் சாலை. மேட்டுக்காடு, பனை மரங்கள், தூரத்தில் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளித் தோட்டத்து வீடுகள்]

முதலில் நம்ம பக்கத்து நிலவரம். தஞ்சாவூர்ப் பக்கம் போனால் ஊர் ஓரிடத்தில் இருக்கும், வயல் ஓரிடத்தில் இருக்கும். இங்கே காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கமெல்லாம் தோட்டத்திலேயே சாளை, அதாவது வீடு, போட்டுக் குடியிருப்பதுதான் வழக்கம். பக்கத்து வீடு என்றாலே நாலு காடு தள்ளித்தான். ஒரே ஒரு வீட்டுக்காகக் கேபிள்காரர் அரை கிலோமீட்டர் ஃபைபர் இழுக்கத் தயங்குவார். கெஞ்சிக் கூத்தாடி இழுக்க வைத்தாலும், ஆடிக் காற்றில் ஒரு தென்னை மட்டை விழுந்தால் போதும், வயர் அறுந்து வேலியில் தொங்கும். ஆக, கோயம்புத்தூர் ஐடி கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பையனுக்கும், ஆன்லைனில் பாடம் படிக்கும் பிள்ளைக்கும் மிஞ்சுவது செல்போன் டவர்தான்.

அந்த டவரிலிருந்து வருவதோ அளந்து அளந்து வருகிறது. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி. அது தீர்ந்தால் 64 கேபிபிஎஸ் வேகம்; வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ போய்ச் சேர்வதற்குள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்துவிடலாம். இந்த நிலைமையில் "அளவே கிடையாது" என்று ஒருவர் வந்து நின்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

இந்த வியாபாரம் எப்படி வளர்ந்து எப்படி முடியும் என்பதை அமெரிக்கா ஏற்கெனவே பார்த்துவிட்டது. அங்கேயும் கிராமத்துப் பண்ணை வீடுகளுக்கு நல்ல கேபிள் இணைப்பு கிடையாது. ஏடி அண்ட் டி நிறுவனம் ஐபோனுக்கு மாதம் 30 டாலரில் அன்லிமிடெட் டேட்டா கொடுத்துக்கொண்டிருந்தது. 2010 ஜூனில் புதிய வாடிக்கையாளர்களுக்கு அதை நிறுத்தியது. வெரைசான் என்ற இன்னொரு செல்போன் கம்பெனி 2011 ஜூலையில் நிறுத்தியது. பழைய ஆட்களுக்கு மட்டும் விட்டுவைத்தார்கள். புதிதாகக் கிடைக்காத பொருளுக்கு மதிப்புக் கூடத்தானே செய்யும்? அந்தப் பழைய இணைப்புகளைப் பேர் மாற்றி விற்றார்கள், மாத வாடகைக்கு விட்டார்கள். இன்னொரு பக்கம், வியாபாரக் கணக்கில் மொத்தமாக இணைப்பு வாங்கி, ஒவ்வொரு சிம்மையும் ஒரு ரவுட்டருக்குள் போட்டுப் பண்ணை வீடுகளுக்கு அனுப்பும் இடைத்தரகுக் கம்பெனிகள் முளைத்தன.

கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. மாதம் 100 ஜிபிக்கு மேல் மிக அதிகமாக ஓட்டிய பழைய அன்லிமிடெட் ஆட்களுக்கு 2016இல் வெரைசான் கடிதம் அனுப்பியது: ஆகஸ்ட் 31க்குள் அளவுள்ள திட்டத்துக்கு மாறுங்கள், இல்லாவிட்டால் இணைப்பு போய்விடும். 2017இல் 13 மாநிலங்களில் கிராமப்புறத்து வாடிக்கையாளர்கள் சுமார் 8,500 பேரை ஒரேயடியாக வெட்டிவிடப்போவதாக அறிவித்தது. அவர்கள் பயன்படுத்தியது கூட்டாளிக் கம்பெனிகளின் டவர். அதற்கு வெரைசான் கொடுக்க வேண்டிய ரோமிங் காசு, வாடிக்கையாளர் கட்டும் பில்லைவிட அதிகமாகிவிட்டது. இத்தனைக்கும் இவர்கள் வெரைசானிடமே நேரடியாக இணைப்பு வாங்கியவர்கள்.

நேரடி வாடிக்கையாளருக்கே இந்தக் கதி. இடைத்தரகரிடம் வாங்கியவரை யோசித்துப் பாருங்கள். கம்பெனியின் கணக்கில் வாடிக்கையாளர் என்பது அந்த இடைத்தரகர்தான். அவருடைய கணக்கை மூடினால் அதன் கீழே இருக்கும் சிம் எல்லாமே ஒரே நாளில் செத்துவிடும். பண்ணை வீட்டுக்காரர் கம்பெனிக்குப் போன் போட்டால் அவர் பெயரே அங்கே இருக்காது. அறிவிப்புக் கடிதம்கூட அவருக்கு வராது.

[திரையில்: கீழ்பவானி வாய்க்கால், மதகு, அங்கிருந்து பிரியும் கிளை வாய்க்கால்]

சரி, கம்பெனி ஏன் இப்படிச் செய்கிறது? பேராசை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம், ஆனால் விஷயம் அது மட்டுமில்லை. நம்ம கீழ்பவானி வாய்க்காலை எடுத்துக்கொள்ளுங்கள். பவானிசாகர் அணையிலிருந்து இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். எத்தனை ஏக்கர், என்ன பயிர், எத்தனை நாள் என்று கணக்குப் போட்டுத்தான் மதகைத் திறக்கிறார்கள். இந்த ஆயக்கட்டில் நிலம் உள்ள ஒருவர் வாய்க்காலில் மோட்டாரை இறக்கி, பைப் போட்டு, ஆயக்கட்டுக்கு வெளியே இருக்கும் பத்துத் தோட்டங்களுக்குத் தண்ணீர் விற்றால் என்ன ஆகும்? அவருக்குத் தண்ணீரில் உரிமை உண்டு, அது பொய்யில்லை. ஆனால் அந்தக் கணக்கில் பத்துத் தோட்டம் கிடையாது. கடைமடைக்காரர் வறண்ட வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அன்லிமிடெட் என்ற சொல்லும் இப்படி ஒரு கணக்குத்தான். இந்தியாவில் ஒருவர் சராசரியாக மாதம் 20 ஜிபிக்கு மேலே செலவழிக்கிறார். பத்துப் பேரில் ஒன்பது பேர் அளவோடு இருப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் பத்தாவது ஆளுக்கும் சேர்த்து "அளவில்லை" என்று விற்கிறார்கள். வீட்டு டிவிக்கு இந்தச் சராசரி பொருந்தாது. நெட்ஃபிளிக்ஸில் எச்டி படம் மணிக்கு 3 ஜிபி வரை இழுக்கும், 4கே என்றால் 7 ஜிபி வரை. தினமும் நாலு மணி நேரம் எச்டி ஓடினாலே மாதம் 360 ஜிபி. இடைத்தரகர் என்ன செய்கிறார்? ஊரில் இப்படி அதிகமாக ஓட்டுபவர்களாகவே தேடிப் பிடித்து ஒரே கணக்கில் சேர்க்கிறார். குறைவாக ஓட்டும் ஒன்பது பேர் அந்தக் கணக்கில் இல்லவே இல்லை. வியாபாரம் நன்றாக நடக்க நடக்க அந்தக் கணக்கு கம்பெனியின் கண்ணில் உறுத்திக்கொண்டே போகும். அவர் ஏமாற்றுக்காரராக இருக்க வேண்டும் என்பதே இல்லை. யோக்கியமான ஆளாக இருந்தாலும் இந்த வியாபாரம் வெட்டுப்படுவதில்தான் போய் முடியும்.

டவரின் நிலைமையையும் பார்க்க வேண்டும். 20 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை உள்ள சாதாரண 4ஜி டவரில் ஒரு பக்கத்துக்கு உச்ச வேகம் சுமார் 150 எம்பிபிஎஸ். அந்தத் திசையில் இருக்கும் எல்லா ஊருக்கும் சேர்த்து அவ்வளவுதான். பொழுது சாய்ந்தால் எல்லாரும் போனும் டிவியுமாக உட்காருவார்கள். அந்த நேரத்தில் நாலு வீட்டு ரவுட்டரும் சேர்ந்து இழுத்தால், பஸ்ஸில் வரும் ஆளுக்கு யூடியூப் சுற்றிக்கொண்டே இருக்கும்.

"ஏனுங்க, இந்த சிம் ரவுட்டர்லதான் ஓடுதுன்னு கம்பெனிக்கு எப்படிங்க தெரியும்?" என்று கேட்பீர்கள். சுலபமாகத் தெரியும். ஒவ்வொரு கருவிக்கும் ஐஎம்இஐ எண் உண்டு. அதன் முதல் 8 இலக்கங்களே அது எந்த மாடல் என்று சொல்லிவிடும். போன் என்றால் காலையில் சந்தையில், மதியம் பேங்கில், சாயந்திரம் வீட்டில் இருக்கும். ரவுட்டர் இருபத்துநாலு மணி நேரமும் ஒரே டவரில் அசையாமல் கிடக்கும். ரவுட்டரின் ஐஎம்இஐ எண்ணைப் போனுடையதாக மாற்றித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அது இங்கே சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

முறையாக ஒப்பந்தம் போட்டு, பெரிய கம்பெனியின் டவரை வாடகைக்கு எடுத்துத் தன் பெயரிலேயே சேவை விற்கும் நிறுவனங்களும் அமெரிக்காவில் உண்டு. 2015 வாக்கில் அவற்றில் பெரியதாக இருந்தது டிராக்ஃபோன். அன்லிமிடெட் என்று விற்றுவிட்டு, ஓர் அளவுக்கு மேல் ஓட்டியவர்களின் வேகத்தை முடக்கிய வழக்கில், அது 2015இல் 4 கோடி டாலர் கொடுத்து அங்கத்திய வணிக ஆணையத்துடன் சமரசம் செய்துகொண்டது. இதே மாதிரி வழக்கில் ஏடி அண்ட் டி 2019இல் 6 கோடி டாலர் கொடுத்தது. ஆகவே கம்பெனிகள் பாவம் என்று நான் சொல்லவரவில்லை. கொடுக்க முடியாததை அன்லிமிடெட் என்று விளம்பரம் போட்டது அவர்கள்தான்; இடைத்தரகர் அந்தச் சொல்லை அப்படியே நம்பி நடந்தார், அல்லது நம்பியது போல நடந்தார்.

இந்தியாவுக்கு வருவோம். இங்கே அன்லிமிடெட் என்றால் அளவில்லாத பேச்சு, கூடவே தினசரி டேட்டா. 5ஜி வந்தபோதுதான் உண்மையாகவே அளவில்லாமல் விட்டார்கள். ஜியோவில் 239 ரூபாய்த் திட்டத்துக்கே அது கிடைத்தது. 2024 ஜூலை 3 அன்று கட்டணத்தை ஏற்றியபோது, தினம் 2 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள திட்டங்களுக்கு மட்டும்தான் அளவில்லாத 5ஜி என்று சுருக்கினார்கள். அப்போது ஜியோவில் அது 28 நாளுக்கு 349 ரூபாய். ஏர்டெலும் அதே நாளில் அதே வழியில் போனது. சொந்தப் பேரில் சிம் வைத்திருப்பவருக்கே இப்படி வாய்க்கால் குறுகும்போது, அடுத்தவர் பேரில் உள்ள சிம்மை நம்பி வீட்டு இணைப்பு வைப்பது சரிவராது.

இன்னொன்று. மொத்தமாக சிம் வாங்கி வினியோகிக்கும் வழியை மத்திய அரசே 2023இல் அடைத்துவிட்டது. 'மொத்த இணைப்பு' என்ற முறையை எடுத்துவிட்டு 'வணிக இணைப்பு' என்று கொண்டுவந்தார்கள். இதில் சிம்மை வாங்கும் நிறுவனத்தோடு, அதைக் கையில் வைத்துப் பயன்படுத்தும் ஒவ்வொருவரின் அடையாளத்தையும் சரிபார்க்க வேண்டும். சிம் விற்கும் கடைக்காரரும் பதிவு செய்திருக்க வேண்டும்; பதிவில்லாமல் விற்றால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். காரணம் டேட்டா இல்லை, சிம் மோசடி. ஆனாலும் நம்ம தோட்டத்துக்கு ரவுட்டர் கொண்டுவருபவரையும் அது தொடும்.

டேட்டாவைச் சட்டப்படி மறுவிற்பனை செய்ய வழியே இல்லையா என்றால், இருக்கிறது. பிஎம்-வாணி என்று 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம். டீக்கடைக்காரரோ மளிகைக் கடைக்காரரோ தனி உரிமம் எடுக்காமல் வைஃபை வைத்து விற்கலாம். பேருந்து நிலையத்துக்கும் சந்தைக்கும் அது சரிதான். நாலு காடு தள்ளி இருக்கும் சாளைக்கு எட்டாது.

[திரையில்: பில், சிம் அட்டை, ஆதார் நகல் மூன்றும் மேசை மேல்]

தோட்டத்தில் இருப்பவர் என்னதான் செய்வது? முடிந்தவரை உங்கள் பேரிலேயே இணைப்பு வாங்குங்கள். வயர் இழுக்காமல் டவரிலிருந்தே வீட்டுக்கு இணைப்புத் தரும் ஏர்ஃபைபர் கிடைக்கும் இடமென்றால் அதைப் பாருங்கள். ஜியோவில் மாதம் 1,000 ஜிபி என்று அளவை வெளிப்படையாகச் சொல்லித்தான் விற்கிறார்கள். எனக்கு அந்த நேர்மை பிடிக்கிறது. நாலைந்து தோட்டக்காரர்கள் சேர்ந்து போய்க் கேபிள்காரரிடம் பேசினால் ஃபைபர் இழுக்கும் செலவும் பங்காகிவிடும். ஒரு வீட்டுக்கு வராதவர் ஐந்து வீட்டுக்கு வருவார்.

பேரில் என்ன இருக்கிறது என்றால், உரிமை அங்கேதான் இருக்கிறது. ஒரு செல்போன் கட்டணத் திட்டத்தில் சேர்ந்தால் குறைந்தது ஆறு மாதத்துக்கு அதை உங்களுக்குப் பாதகமாக மாற்றக்கூடாது என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. அதைவிட நீண்ட காலத்துக்கு ரீசார்ஜ் செய்திருந்தால் அந்தக் காலம் முழுக்கப் பாதுகாப்பு உண்டு. எண்ணை மாற்றாமல் வேறு கம்பெனிக்குப் போகும் வசதி 2011 ஜனவரி முதல் நாடு முழுக்க இருக்கிறது. இவையெல்லாம் சிம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான். மாதாமாதம் பணம் கட்டுவது நீங்களாகவே இருந்தாலும் சரி.

ஏற்கெனவே இடைத்தரகரிடம் வாங்கியாகிவிட்டது என்றால், வருடத்துக்கு மொத்தமாகக் கட்டாதீர்கள். மாதாமாதம் கட்டுங்கள், ரசீது வாங்கி வையுங்கள். அந்த ரவுட்டர் சிம்மின் எண்ணை பேங்குக்கோ கேஸ் புக்கிங்குக்கோ கொடுக்கவே கூடாது. இணைப்பு நின்றுபோய் ஆளும் போனை எடுக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுக்கலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். தொலைபேசி விவகாரம் நுகர்வோர் ஆணையத்துக்கு வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வரும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆனால் உங்கள் வழக்கு ரசீது கொடுத்தவர் மேல்தான், டவர் கம்பெனி மேல் அல்ல. அதனால்தான் ரசீது முக்கியம்.

கடைசியாக, இதற்கு நேர் எதிரான ஒரு ஆபத்து. "சிம் உங்க பேர்லயே போட்டுடலாமுங்க" என்று சொல்லி ஆதார் நகலும் கைரேகையும் வாங்கிப்போய், உங்கள் பேரில் நாலு சிம் எடுத்து மூன்றை வேறு வீடுகளுக்குக் கொடுத்துவிடலாம். ஒருவர் பேரில் 9 சிம் வரைதான் அனுமதி. அதற்கு மேல் போனால் முதல் முறை 50,000 ரூபாய் வரை அபராதம் என்று 2023 தொலைத்தொடர்புச் சட்டம் சொல்கிறது. அந்த மூன்று சிம்மில் யார் என்ன செய்தாலும் போலீஸ் முதலில் தேடி வருவது உங்கள் தோட்டத்துக்குத்தான். அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் எண்ணைப் போட்டு, வரும் ஓடிபியைக் கொடுத்தால், உங்கள் பேரில் எத்தனை இணைப்பு இருக்கிறது என்று பட்டியல் வரும். தெரியாத எண் இருந்தால் அங்கேயே அது உங்களுடையது இல்லை என்று குறித்துவிடலாம். காசு எதுவும் கிடையாது. வீட்டில் அப்பாரு, அம்மா பேரில் இருக்கும் எண்களையும் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடுங்கள்.