சாவிக்கொத்தும் இரண்டு நரம்பு செல்லும்

நேயர்களுக்கு வணக்கம். முதலில் இந்தச் சத்தத்தைக் கேளுங்கள். (சாவிக்கொத்து குலுங்கும் ஓசை) என் வீட்டுச் சாவிக்கொத்துதான். ஒலிப்பதிவு அறைக்குள் இது எதற்கு என்று கேட்டார்கள், இன்றைக்குப் பேச்சே இதை வைத்துத்தான் என்று சொல்லிக் கொண்டுவந்துவிட்டேன்.

ராத்திரி வெளியூரிலிருந்து திரும்பி வாசல் விளக்கடியில் நின்று சாவியைத் தேடியிருப்பீர்கள், விளக்கைச் சுற்றிப் பூச்சிகள் மொய்த்துக்கொண்டிருக்கும். கொத்து குலுங்கியதும் அதில் ஒன்றிரண்டு திடீரென்று பொத்தென்று தரையில் விழும், கவனித்திருக்கிறீர்களா? நான் முதலில் தற்செயல் என்றுதான் நினைத்தேன். சந்தேகம் தீர மறுபடி மறுபடி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததில், எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து "என்ன சார், பூட்டு திறக்கலையா?" என்று கேட்டுவிட்டார்.

எல்லாப் பூச்சியும் விழாது. ஈசல் கூட்டத்துக்கு முன்னால் விடிய விடிய ஆட்டினாலும் ஒன்றும் நடக்காது. விழுபவை அந்துப்பூச்சிகளில் காது உள்ள வகைகள். காது என்றால் தலையில் இல்லை, நெஞ்சுப் பகுதியில், சிறகுக்குக் கீழே ஒளிந்திருக்கும். சாவிகள் உரசும்போது நமக்குக் கேட்கிற கிணுகிணுப்போடு, நமக்குக் கேட்காத மீயொலியும் கிளம்புகிறது. நொடிக்கு 20,000 அதிர்வுக்கு மேல் நம் காதுக்கு எட்டாது, வௌவால் இரை தேடப் போடும் கூச்சல் பெரும்பாலும் அதற்கும் மேலே. பூச்சியைப் பொறுத்தவரை நீங்கள் ஆட்டியது சாவி இல்லை, வௌவால். (ரேடியோவை விளக்கடியில் வைத்துச் சோதிக்க வேண்டாம். அந்த உச்ச ஓசையை வானொலி அனுப்பாது, உங்கள் சாவியைத்தான் ஆட்ட வேண்டும்.)

சரி, பூச்சி விழுகிறது. அதன் நரம்புக்குள் என்ன நடக்கிறது?

விலங்குகளின் நடத்தையை ஆராய்கிறவர்களில் வெகுகாலம் இரண்டு கட்சி. புதர் மறைவில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து பார்க்கிறவர்கள் ஒரு கட்சி, 1973-இல் லோரன்ஸ், டின்பெர்கன், ஃபிரிஷ் மூவருக்கும் நோபல் கிடைத்ததே, அந்த வழி. அறைக்குள் நரம்பில் மின்கம்பியைச் செருகி அளக்கிறவர்கள் இன்னொரு கட்சி. அமெரிக்காவில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த கென்னத் ரோடர் இரண்டையும் ஒரே ஆளாகச் செய்தார். அவர் எடுத்துக்கொண்ட அந்துப்பூச்சிக்கு ஒரு காதில் ஒலியைக் கேட்கும் நரம்பு செல்கள் எத்தனை தெரியுமா? இரண்டு. நம் காதில் ஆயிரக்கணக்கில் இருக்கிறது, அதற்கு இரண்டே இரண்டு.

ஒன்று கூர்மையானது, தூரத்து வௌவாலின் மெல்லிய ஒலிக்கே துடிக்கும். இன்னொன்று கொஞ்சம் மந்தம், ஒலி பலமாக, அதாவது எதிரி கிட்டத்தில் வந்தால்தான் விழிக்கும். ரோடர் என்ன செய்தார் என்றால், பூச்சியின் காது நரம்பில் மெல்லிய கம்பியை வைத்து, அதன் துடிப்பை ஒலிபெருக்கியில் டிக் டிக்கென்று கேட்கும்படி செய்தார். செய்துவிட்டு அறைக்குள்ளேயே இருக்கவில்லை பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்த இடம். அந்தக் கருவிகளையெல்லாம் தூக்கிக்கொண்டு, நண்பர் ஆஷர் ட்ரீட்டோடு மாசசூசெட்ஸ் மலைப்பக்கம் போய், இருட்டுகிற நேரத்தில் திறந்த வெளியில் உட்கார்ந்தார். ஆள் கண்ணுக்கு வௌவால் தெரிவதற்கு முன்பே ஒலிபெருக்கி டிக் டிக்கென்கிறது. ஏறக்குறைய 30 மீட்டர் தள்ளி வருவதை அந்தப் பூச்சிக் காது சொல்லிவிடுகிறது. அந்தத் தூரத்தில் பூச்சி இருப்பது வௌவாலுக்கே தெரியாது. மறுபடியும் சொல்கிறேன், வௌவாலைத் தன் காதால் அல்ல, பூச்சியின் காதால் கேட்டார் மனுஷர்.

அப்புறம் புல்வெளியில் மீயொலிப் பெட்டியை வைத்து, வெளிச்சம் பாய்ச்சி, பறக்கிற தடத்தைப் படம் எடுத்தார். மெல்லிய ஒலி என்றால் பூச்சி அமைதியாக முதுகைக் காட்டித் திரும்பிப் போகிறது. பலத்த ஒலி என்றால் குட்டிக்கரணம், சுழற்சி, சிறகை மடக்கித் தரையை நோக்கி விழுதல். நம் வாசலில் நடப்பது இந்த இரண்டாவதுதான்.

ட்ரீட்டைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட மனசில்லை, நேரம் ஆனாலும் பரவாயில்லை. அந்துப்பூச்சிக் காதுக்குள் குடியிருக்கும் ஒரு சின்ன உண்ணியை அவர் ஆராய்ந்தார். அது குடியேறினால் அந்தக் காது பாழ், செவிடுதான். ஆனால் ஒரு காதில்தான் குடியேறும். முதலில் ஏறியது போட்ட தடத்தைப் பிடித்துப் பின்னால் வருபவையும் அதே காதுக்கே போகின்றன, இடம் நெருக்கடியானாலும் பக்கத்துக் காதை எட்டிப் பார்ப்பதில்லை. இரண்டு காதும் போனால் பூச்சியை வௌவால் தின்னும், உள்ளே இருக்கிற உண்ணியும் கூடவே போகும். வாடகை வீட்டுக்காரர்கள் சிலருக்கு இந்த உண்ணியின் விவேகம் இல்லை என்று என் மனைவி சொல்வாள், அது வேறு கதை.

தூரத்துக்கு ஒரு செல், கிட்டத்துக்கு ஒரு செல் என்று அழகாக இருக்கிறதில்லையா? பல வருஷம் நானும் வகுப்பில் அப்படியே சொல்லிக்கொடுத்தேன். 1984-இல் டென்மார்க்கின் அன்னெமரீ சுர்லிக்கே வேறொரு அந்துப்பூச்சிக் குடும்பத்தைப் பார்த்தார், அதற்குக் காதில் ஒரே ஒரு செல். அதுவும் திரும்பிப் பறக்கிறது, அதுவும் விழுகிறது. அப்படியானால் கிட்டம் எது, தூரம் எது என்ற கணக்கை அந்த ஒற்றைச் செல்லின் துடிப்பு வேகத்தைக் கொண்டு உள்ளே ஏதோ ஒன்று போடுகிறது என்றாகிறது. என் பாடக்குறிப்பில் ஒரு பக்கத்தை அடித்தேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிஷமாம். நியாயமாகப் பாதிப் பேச்சை மதுரைக்கு வைத்திருந்தேன். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் குழுவினர் குகையில் வாழும் இலைமூக்கு வௌவால்களை வைத்துச் செய்த வேலை, 1981-இல் வெளியானது. வெளிச்சமே எட்டாத குகையில் கூண்டில் வைத்த வௌவால், வெளியே போய்வரும் தன் கூட்டம் அங்கே இருக்கும்வரை அவற்றோடு ஒத்தே தன் நேரத்தை வைத்துக்கொள்கிறது. கூட்டம் இல்லாத குகையில் வைத்தால் அதன் கடிகாரம் 24 மணிக் கணக்கை விட்டு நாளுக்கு நாள் நழுவுகிறது. கூட்டத்தின் எந்தச் சத்தம், எந்த அசைவு அதற்கு நேரம் சொல்கிறது என்பதைச் சொல்ல... சரி, மணி அடித்துவிட்டார்கள். வணக்கம்.