கொடியில் சேவல், சட்டைக்கையில் டோடோ

வானொலி நேயர்களுக்கு வணக்கம். நான் ஓய்வுபெற்ற ஓவிய வாத்தியார். மாதிரி விமானம் செய்து பறக்கவிடும் பிள்ளைகள் சிலர் என்னிடம் வந்தார்கள். "சார், எங்கள் அணிக்கு ஒரு சின்னம் வேண்டும், சட்டைக்கையில் தைக்க." முதலில் நீங்களே வரைந்து வாருங்கள் என்றேன்.

வந்ததெல்லாம் கழுகு. நம் மொரீஷியஸ் தீவில் ஏதப்பா கழுகு? பிரிட்டனில் 1941இல் தொடங்கிய ஏர் டிரெயினிங் கோர் என்ற இளைஞர் விமானப் பயிற்சிப் படையின் சின்னத்தில் வல்லூறு இருக்கிறது. அது அவர்களுக்குச் சரி. வல்லூறுதான் வேண்டுமென்றால் நம்முடையதே இருக்கிறதே! 1974இல் காட்டில் நான்கே மிச்சமிருந்து, பிழைத்து வந்த குலம். ஒரு பெண் பாய்-ஆன்-க்யூ என்ற நீள வால் கடற்பறவையை வரைந்திருந்தாள். அழகுதான். ஆனால் ஏர் மொரீஷியஸ் விமான நிறுவனம் அதை எப்போதோ தன் சின்னமாக எடுத்துக்கொண்டது. போதாததற்கு அந்த நீள வால் எம்பிராய்டரியில் வெறும் நூல் பிசிறாகிவிடும்.

கடைசியில் ஒரு சின்னப் பையன், நம் தீவில் வாழ்ந்து அழிந்துபோன டோடோவை வரைந்து நீட்டினான். எல்லோரும் சிரித்தார்கள், பறக்காத பறவையாம்.

சரி, முருகன் கொடியில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். சேவல். சேவல் எவ்வளவு தூரம் பறக்கும்? மிஞ்சிப்போனால் வேலியைத் தாண்டும். காவடிக்குக் கொடியேற்றும்போது யாராவது சிரித்தோமா?

இன்னொன்றும் சொன்னேன், எங்கே போனாலும் சொல்வேன். பிளேசான்ஸ் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் மார் ஓ சோன்ஜ் என்று ஒரு சதுப்பு. 1865இல் டோடோ எலும்புகள் கிடைத்தது அங்கேதான். தேடியவர் ஜார்ஜ் கிளார்க், பள்ளி ஆசிரியர், என் தொழில்காரர். தேடினார் என்றா சொன்னேன்? கூலிகளை இறக்கிவிட்டார். மூன்றடித் தண்ணீர். அவர்கள் வெறுங்காலால் சேற்றைத் துழாவி எலும்பைக் கண்டார்கள். அன்று இங்கே கூலி என்றால் யார்? உங்கள் வீட்டுப் பாட்டியைக் கேளுங்கள், இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த நம்மவர்கள் என்பார். கிளார்க் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. துழாவிய கால்களுக்குப் பெயர் இல்லை. இன்று விமானம் இறங்குவது அந்தப் பக்கம்தான்.

பிள்ளைகள் சிரிப்பை நிறுத்தினார்கள். டோடோவே நின்றது, காலை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போட்டுக்கொடுத்தேன்.

அப்புறம் நிறம்... கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். நம் கொடியின் நான்கு நிறத்தையும் திணிக்க வேண்டாம், இரண்டு போதும். அலகு எப்போதும் முன்பக்கம் பார்க்க வேண்டும்; வலக்கைக்கு ஒன்று, இடக்கைக்குத் திருப்பி ஒன்று. தையற்காரரிடம் மறக்காமல் சொல்லுங்கள், நான் சொல்ல மறந்து முதல் இருபது வீணாய்ப் போயிற்று. வணக்கம்.