தேன் மருந்தே: தக்கலைப் பட்டிமன்றத்தில் பேசியது

நடுவர் அவர்களே, அவையோரே, அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

வீட்டில் இருக்கும் தேன் மருந்தா, இனிப்பா? ‘தேனில் முக்கால் பங்குக்கு மேல் சர்க்கரை, மருந்து என்பது வெறும் நம்பிக்கை’ என்றார் எதிரணித் தம்பி. ‘கைக்குழந்தைக்குக் கொடுக்கக் கூடாதது எப்படி மருந்தாகும்?’ என்றும் கேட்டார்.

சர்க்கரை இருக்கிறது, சரி. ஆனால் நல்ல தேனில் நீர் 18 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். கிருமி விழுந்தால் அதன் உடம்பிலிருக்கும் நீரையும் தேன் உறிஞ்சிவிடும். அதோடு தேனீ சேர்க்கும் ஒரு நொதி இருக்கிறது. புண்ணின் ஈரத்தில் தேன் கரையும்போது அது ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமாக உண்டாக்கும். புண் கழுவும்போது நுரைக்குமே, அதே மருந்து. தம்பி, சீனிப்பாகு இதைச் செய்யுமா?

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2015-ல் 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. அதிக ஆழமில்லாத தீக்காயம் வழக்கமான கட்டைவிடத் தேன் கட்டில் நான்கைந்து நாள் முன்னதாக ஆறியது. அது கிருமி நீக்கிய மருத்துவத் தேன். அடுக்களைப் போத்தலைக் காயத்தில் ஊற்றிவிடாதீர்கள். 2018-ல் இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டல் வெளியிடும் நைஸ் அமைப்பும், ஒரு வயது தாண்டியவர்களின் சாதாரண இருமலுக்கு முதலில் தேனைக் கொடுத்துப் பார்க்கலாம் என்றது.

என் வாப்பா மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் தேன்பெட்டி வைத்திருந்தார். தை, மாசியில் ரப்பர் தளிர்க்கும்போது ஒரு காம்பை வளைத்துக் காட்டுவார். மூன்று இலை சேருமிடத்தில் சின்னதாய் மினுங்கும் இனிப்பு நீர். அதைத் தேடித்தான் தேனீ வரும். பெட்டியைத் திறக்குமுன் குர்ஆனில் நஹ்ல் அத்தியாயத்தின் 68, 69-ஆம் வசனங்களை ஓதுவார். நஹ்ல் என்றாலே தேனீதான். மலைகளிலும் மரங்களிலும் மனிதர்கள் கட்டுபவற்றிலும் வீடு அமைத்துக்கொள் என்று இறைவன் தேனீக்கு அறிவித்ததை அதில் படிக்கிறோம். ‘மனிதர் கட்டினது இந்தப் பெட்டிதாம்மோ’ என்று பலகையைத் தட்டுவார். அதன் வயிற்றிலிருந்து வரும் பல நிறப் பானத்தில் மனிதருக்கு நிவாரணம் உண்டு என்கிறது அடுத்த வசனம். எல்லா நோய்க்கும் இதுவே மருந்து என்று அது சொல்லவில்லை. அந்தச் சொல்லை விளக்கிய பழைய அறிஞர்களே இந்த வித்தியாசத்தைக் குறித்து வைத்திருக்கிறார்கள்.

நபிகளாரிடம் ஒருவர் தம் சகோதரரின் வயிற்று நோயைச் சொன்னார். ‘தேன் கொடு’ என்றார்கள். குணமில்லை என்று திரும்பத் திரும்ப வந்தவரிடம் மறுபடியும் தேனையே கொடுக்கச் சொன்னார்கள், கடைசியில் குணமானது. ஒரு வேளை கொடுத்துவிட்டு நிறுத்தவில்லை பாருங்கள்.

இனி கைக்குழந்தை. தேனில் பாட்டுலிசம் என்ற, தசைகளைச் செயலிழக்க வைக்கும் நோயின் கிருமி வித்துகள் இருக்கலாம். ஒரு வயதுக்குள் இருக்கும் குடலுக்கு அவற்றை அடக்கும் பலம் இல்லை. சேனை வைக்கிறோம் என்று பிறந்த பிள்ளையின் நாக்கில் தேனைத் தொட்டு வைப்பது ஏன்? இனிப்புதானே, என்ன செய்துவிடப் போகிறது என்ற எண்ணம்! மருந்து என்று நினைத்திருந்தால், பிள்ளைக்கு எத்தனை மாதம், எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்டிருப்போம். சர்க்கரை நோயாளியும் டாக்டரைக் கேட்டிருப்பார். தம்பி, உங்கள் கேள்வியே எங்கள் கட்சிக்குத்தான் சாட்சி.

எங்கள் வீட்டில் தேன் போத்தல் சீனி டப்பா பக்கத்தில் இருக்காது. காய்ச்சல் மாத்திரையோடு, பிள்ளைகள் கைக்கு எட்டாத தட்டில் இருக்கும். வாப்பா வைத்த இடம் அது. நடுவர் அவர்களே, உங்கள் தீர்ப்பும் தேனை அந்தத் தட்டிலேயே வைக்க வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.